குறுக்கு வலி, டிஸ்க், ஆபரேஷன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மதுரையில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்கிறவன் நான். முதுகெலும்பு சிகிச்சைகளைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன கண்டிருக்கின்றன என்று கேட்கச் சொன்னதற்கு நிறைய கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஸ்கேனை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி ‘ஆபரேஷன் வேணுமா டாக்டர்?’ என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். காலைத் தொட்டுப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி (திருமங்கலம், லாரி ஓட்டுநர், வயது 38): ஏழு வாரமாக இடது காலில் மின்னல் மாதிரி வலி. ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்கிறார்கள். ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் பொறுக்கச் சொல்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை. உங்களைப் போல 6 முதல் 12 வாரம் கால் வலியில் இருந்த 283 பேரை நெதர்லாந்தில் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறு பாதிக்கு மாத்திரை, பிசியோ, பொறுமை. தாங்க முடியாவிட்டால் அப்போது ஆபரேஷன். 2007இல் முடிவு வந்தது. கத்தி வைத்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் நடுவில் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது, 2006இல் வெளியானது. அதில் ஆபரேஷன் என்று சீட்டு விழுந்தவர்களில் பாதிப் பேர்தான் மூன்று மாதத்துக்குள் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் அதே மூன்று மாதத்தில் செய்துகொண்டார்கள். வலி வந்தவன் குலுக்கல் சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? அதனால் அந்த ஆய்வை வைத்து ‘ஆபரேஷனும் மாத்திரையும் ஒன்றுதான்’ என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆக, நீங்கள் முடிவு செய்ய வேண்டியது இந்தச் சில மாதங்களை எப்படிக் கழிப்பது என்பதைத்தான். பிதுங்கிய ஜவ்வு பல பேருக்குத் தானாகவே சுருங்கும். துண்டாகப் பிய்ந்து விழுந்தது, கேட்கப் பயமாக இருந்தாலும், இன்னும் நன்றாகச் சுருங்கும். பொறுக்க முடிந்தால் பொறுக்கலாம். லாரி எடுக்காவிட்டால் அடுப்பு எரியாது என்றால் சீக்கிரம் செய்துகொள்வதும் நியாயமான காரணம்தான்.

இதெல்லாம் கால் பலமாக இருக்கும்வரைதான். குதிகாலில் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கிப் பத்தடி நடந்து பாருங்கள். ஒரு பாதம் தொப்பென்று கீழே விழுந்தால், அல்லது செருப்பு நழுவிப் போனதே தெரியாமல் இரண்டடி வெறுங்காலில் நடந்தால், வாரக் கணக்கை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். மூத்திரம் அடைத்துக்கொண்டாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே, ராத்திரி என்றாலும், பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

கேள்வி (கே.கே.நகர், ஓய்வுபெற்ற ஆசிரியை): உடல் பரிசோதனை பேக்கேஜில் முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூன்று இடத்தில் டிஸ்க் (ஜவ்வு) தேய்மானம், ஓரிடத்தில் பிதுக்கம் என்று ரிப்போர்ட். எனக்கு வலியே இல்லை. இனி குனியலாமா?

தாராளமாகக் குனியுங்கள், டீச்சர். குறுக்கு வலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. எடுத்து 1994இல் வெளியிட்டார்கள். எல்லா டிஸ்க்கும் நன்றாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பின்னர் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலியில்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம்; 80 வயதில் 96 சதவீதம். வலியில்லாதவர் முதுகைப் பேக்கேஜில் சேர்ப்பதால் யாருக்கு லாபம் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

கேள்வி (வில்லாபுரம், மகள்): அம்மாவுக்கு 64 வயது. சித்திரை வீதி ஒரு சுற்று வர முடியவில்லை. பாதியில் கால் கனத்து உட்கார்ந்துவிடுகிறார். குனிந்து உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிறது. தண்டுவடப் பாதை சுருங்கி, ஒரு எலும்பு லேசாக நழுவியும் இருக்கிறதாம். ஸ்க்ரூ, ராடு வைக்க வேண்டும் என்கிறார்கள். அவசியமா?

குனிந்தால் வலி விடுவது இந்த நோயின் நல்ல அடையாளம். குனியும்போது பாதை கொஞ்சம் அகலமாகிறது.

சுருங்கிய இடத்தைச் செதுக்கி நரம்புக்கு வழி விடுவது ஒரு வேலை. அதோடு ஸ்க்ரூ போட்டு எலும்புகளைச் சேர்த்துப் பூட்டுவது இன்னொரு வேலை. இரண்டாவது தேவையா என்று சுவீடனில் 247 பேரிடம் பார்த்தார்கள், முடிவு 2016இல் வந்தது. நழுவல் இருந்தவர்களிலும் சரி, இல்லாதவர்களிலும் சரி, ஸ்க்ரூ போட்டதால் கூடுதல் பலன் தெரியவில்லை. ரத்த இழப்பும் ஆஸ்பத்திரி நாட்களும் கூடின. அதே சமயத்தில் வந்த அமெரிக்க ஆய்வில் 66 பேர்தான். அதில் பூட்டியவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். அப்புறம் 2021இல் நார்வேக்காரர்கள், எலும்பு நழுவிய 267 பேரை மட்டும் எடுத்துப் பார்த்து, செதுக்குவது மட்டுமே போதும், ஸ்க்ரூவோடு செய்வதைவிட அது குறைந்ததல்ல என்றார்கள்.

என் கணக்கில் தராசு செதுக்கும் பக்கம் சாய்கிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. நின்றபடி, முன்னால் குனிந்தும் பின்னால் சாய்ந்தும் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். அதில் எலும்பு நன்றாக நகர்ந்தால் ஸ்க்ரூவுக்குக் காரணம் உண்டு. படுக்க வைத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யை மட்டும் காட்டி ராடு என்றால், இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): தம்பிக்கு முதுகெலும்பில் டிபி. நடக்கிறான். ஆபரேஷன் செய்யாமல் மாத்திரையிலேயே குணமாகுமா? தம்பி மகனுக்கும் அதே நோய், வயது 8.

இந்தக் கேள்விக்கு விடை கண்டதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், டிபி நோயாளியை சானடோரியத்தில் (காசநோய் ஆஸ்பத்திரியில்) வைக்காமல் வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று முதலில் நிரூபித்தது. பிறகு முதுகெலும்பு டிபி. ஹாங்காங்கில் நெஞ்சைத் திறந்து கெட்ட எலும்பை வழித்தெடுத்து, நல்ல எலும்பை ஒட்டவைக்கும் பெரிய ஆபரேஷன் பேர் வாங்கியிருந்தது. கொரியாவில் செய்த ஆய்வுகளில் மாதக் கணக்கில் படுக்க வைப்பதும், பிளாஸ்டர் ஜாக்கெட் போடுவதும் மாத்திரைக்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை என்று தெரிந்தது. சென்னையில் ஏறக்குறைய 300 பேரை, நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஹாங்காங் ஆபரேஷனோடு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்று பிரித்தார்கள். பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில் மாத்திரைக்காரர்கள் பின்தங்கவில்லை.

ஆனால் நடக்கவே முடியாத அளவுக்குக் கால் செயலிழந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. தம்பிக்குக் கால் தளர ஆரம்பித்தால் உடனே காட்டுங்கள். மாத்திரையை எத்தனை மாதம் என்று டாக்டர் சொல்கிறாரோ அத்தனை மாதமும் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

பையன் விஷயம் வேறு. கிருமி செத்த பிறகும், வளரும் முதுகு வளைந்துகொண்டே போகலாம். கோயம்புத்தூரின் டாக்டர் ராஜசேகரன் இத்தகைய குழந்தைகளை வருடக் கணக்கில் பின்தொடர்ந்து, எந்தக் குழந்தைக்குக் கூன் விழும் என்று முன்கூட்டியே காட்டும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களைச் சொன்னார். இன்று உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். எனவே மாத்திரை முடிந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல், வளர்ச்சி நிற்கும்வரை பையனுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி (அவனியாபுரம்): மாடு தூக்கி எறிந்ததில் மச்சானுக்கு இரண்டு காலும் போய்விட்டது. எட்டு மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் நடந்திருப்பான் என்கிறார்கள். நாங்கள் கொண்டுபோகத் தாமதம்.

அந்த எட்டு மணி நேரக் கணக்கு, தண்டுவடம் அடிபட்டவர்களிடம் செய்து 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. மொத்தப் பேரையும் பார்த்தபோது பெரிய பலன் இல்லை. எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் கொஞ்சம் தெரிந்தது. கிருமித் தொற்றும் வயிற்று ரத்தக் கசிவும் அதில் கவலைக்குரியவையாக இருந்தன. 2013இல் அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களின் வழிகாட்டுதலே இந்த ஊசியைப் பரிந்துரைக்கவில்லை. அந்த ஊசி தவறியதற்காக வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அடுத்த வருடம் வாடிவாசலில் யாராவது விழுந்தால், கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். பலகையில் நேராகக் கிடத்தி, கழுத்து அசையாமல் பிடித்துக் கொண்டுபோங்கள்.

கேள்வி (ஒத்தக்கடை): குறுக்கு வலிக்குக் கட்டாந்தரையில் படுக்கலாமா?

படுத்தால் சுகமாக இருந்தால் படுங்கள். ஸ்பெயினில் 313 பேரை வைத்துச் செய்த 2003 ஆய்வில், ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தைதான் நல்லதாக இருந்தது. நாள் கணக்கில் படுத்தே கிடப்பதுதான் கூடாது.

கேள்வி (மேலூர்): ஆஸ்பத்திரியில் முதுகு ஊசி பற்றிய ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். எங்களைச் சோதனை எலி ஆக்குகிறார்களா? போலி ஊசியும் போடுவார்களாமே?

போடுவார்கள், சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். உடைந்த முதுகெலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் சிகிச்சை பல வருடம் உலகமெங்கும் நடந்தது. 2009இல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பாதிப் பேருக்குப் போலியாகச் செய்தார்கள். சிமெண்ட் டப்பாவைத் திறந்து அதன் வாசனையை அறையில் பரவ விட்டார்கள், நோயாளிக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்று. கடைசியில் இரண்டு பக்கமும் வலி ஒரே மாதிரிதான் குறைந்தது. போலி சிகிச்சை இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

சேருவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. இந்தியாவில் மருந்துச் சோதனைகளை அரசுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். இணையத்தில் யாரும் பார்க்கலாம். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019 விதிகளில் வழி இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று படிவத்தில் போட்டிருக்க வேண்டும். படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். கவுண்டரிலேயே நிற்க வைத்துக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.