ஆடிட்டர் அலுவலகத்துக்கு வெர்ச்சுவல் டெஸ்க்டாப்

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் 20 கணினிகள். எல்லாவற்றையும் வெர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: மாற்றலாம், அவசரம் வேண்டாம். இதில் விண்டோஸ் உங்கள் கணினியில் ஓடாது; சர்வர் என்ற மையக் கணினியில் ஓடும். மேஜைக்குத் திரையின் படம் மட்டும் வரும். லேப்டாப் தொலைந்தாலும் கட்சிக்காரர் கணக்கு தொலையாது.

நான் வேலை பார்த்த இடத்தில் முதல் நாள் காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஒன்றாக லாகின் செய்ய, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டீ இரண்டு ரவுண்டு போனது! சர்வரில் இருந்தது பழைய ஹார்டு டிஸ்க்; அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்ட பிறகுதான் சரியானது.

அப்புறம், பென் டிரைவ் போல இருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனை முதலில் சோதியுங்கள். அதைச் செருகுவது உங்கள் மேஜையில்; அதைத் தேடும் மென்பொருளோ சர்வரில். இரண்டு பேரை மட்டும் ஒரு மாதம் வெர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் வேலை பார்க்க விடுங்கள். அது ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதமாகவே இருக்கட்டும்.