கேளுங்கள் சேர்: ஒரே பாதையில் ஓடினால் மோதாதா?

கேள்வி: பூமிக்கு இரண்டாவது நிலா கிடைத்துவிட்டது என்று 2025இல் செய்தி வந்ததே சேர், அது நாம் போகிற பாதையிலேயே போகிறதாம். அப்படியானால் ஒருநாள் மோதாதா?
– பஸ் சாரதி, களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் அந்த நிலா விஷயத்தை முடித்துவிடுவோம். 2025 ஓகஸ்டில் ஹவாயில் உள்ள தொலைநோக்கியில் பிடிபட்ட கல் அது. பெயர் 2025 பீ.என்.7. குறுக்களவு ஏறத்தாழ 19 மீற்றர். உங்கள் பஸ்ஸையும் இன்னொரு பஸ்ஸையும் முன்பின்னாக நிறுத்தினால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது பூமியைச் சுற்றவில்லை. நம்மைப்போலவே ஏறத்தாழ ஒரு வருடத்தில் சூரியனைச் சுற்றுகிறது. அதன் பாதை கொஞ்சம் நீள்வட்டமானது. சூரியனுக்குக் கிட்டப் போகும்போது நம்மை முந்தும், தள்ளிப் போகும்போது பிந்தும். இங்கிருந்து பார்த்தால் நம்மையே வளைய வருவதுபோலத் தோன்றும். அதை நிலா என்று தலைப்புப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. 2083 அளவில் அதுவும் விலகிப் போய்விடும் என்பது கணக்கு.

சரி, மோதாதா என்பதற்கு வருகிறேன். முன்னால் போகிற வாகனத்தை நெருங்கினால் நீங்கள் பிரேக் பிடிப்பீர்கள், வேகம் குறையும். சூரியனைச் சுற்றும் பாதையில் பிரேக் பிடித்தால் வேகம் கூடும்! அச்சுப் பிழை இல்லை, அப்படித்தான். பூமிக்கு முன்னால் ஒரு கல் கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்று வையுங்கள். பின்னால் வரும் பூமி அதை நெருங்க நெருங்கத் தன் பக்கம், அதாவது பின்னுக்கு, இழுக்கும். சக்தியை இழந்த கல் சூரியன் பக்கமாக இறங்கும். உள்பாதை குறுகியது, அங்கே வேகமும் கூட. ஆகவே நம்மை விட்டு முன்னே ஓடிவிடும். மறுகா பல வருடங்கள் கழித்து, சூரியனுக்கு அந்தப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு நம் முதுகுப் பக்கம் வரும். இப்போது பூமி அதை முன்னுக்கு இழுக்கும். கல் வெளிப்பாதைக்கு ஏறி, வேகம் குறைந்து பிந்திவிடும். பூமியில் நின்று இதை வரைந்தால் குதிரை லாடம் கிடைக்கும்.

ஆண்டு 11 பிள்ளை ஒருத்தி ஒருமுறை, "பூமி இழுத்தால் கல் பூமிக்குத்தானே சேர் வரவேணும்?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி தெரியவில்லை. மணி அடித்தது நல்லதாகப் போயிற்று. அன்றிரவு கொப்பியும் பென்சிலுமாக இருந்துதான் இதை விளங்கிக்கொண்டேன். சனிக்கோளின் ஜானஸ், எபிமீத்தியஸ் என்ற இரண்டு நிலாக்களைப் பற்றி வாசித்தபிறகுதான் முழு நம்பிக்கை வந்தது. அவற்றின் பாதைகளுக்கு இடையே ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான். மட்டக்களப்பிலிருந்து கல்முனை போவதைவிடக் கொஞ்சம் கூட. அந்த நிலாக்களோ நூறு கிலோமீற்றருக்கு மேல் பருமனானவை! முந்த இடமே இல்லை. ஆனாலும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நெருங்கி வந்து, ஒன்றையொன்று இழுத்து, உள்பாதைக்காரர் வெளியேயும் வெளிப்பாதைக்காரர் உள்ளேயுமாக மாறிக்கொண்டு போகின்றன.

எல்லாக் கல்லுக்கும் இந்த ஒழுங்கு கிடையாது. இப்படி எந்த ஒழுங்கும் இல்லாமல் நம் பாதையைக் குறுக்கே வெட்டிப் போகிறவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

கேள்வி: வியாழனின் பாதையில் போகிற கற்களுக்கு ஏன் ட்ரோஜன் என்று பெயர்?
– வாசகி, பாண்டிருப்பு

பதில்: சூரியன், கோள், சிறுகோள் மூன்றும் சமபக்க முக்கோணமாக நின்றால் அந்த ஒழுங்கு நிலைக்கும் என்று 1772இல் கணித அறிஞர் லக்ராஞ்சி கணக்கில் காட்டினார். கோளுக்கு 60 பாகை முன்னே ஓர் இடம், 60 பாகை பின்னே ஓர் இடம். 1906 பெப்ரவரியில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் வானியலாளர் மக்ஸ் வொல்ஃப் வியாழனுக்கு முன்னே ஒரு கல்லைக் கண்டுபிடித்தார். ட்ரோய் நகரத்தாரோடு கிரேக்கர் நடத்திய பழங்கதை யுத்தத்தின் கிரேக்க வீரன் அக்கிலிஸின் பெயர் அதற்குக் கிடைத்தது. ட்ரோய்க்காரர்தான் ஆங்கிலத்தில் ட்ரோஜன். பிறகு முன்னே போகிறவற்றுக்குக் கிரேக்க வீரர் பெயர், பின்னே வருகிறவற்றுக்கு ட்ரோய் வீரர் பெயர் என்று வழக்கமாயிற்று. ஆனால் வழக்கம் பிடிக்குமுன்பே இரண்டு பெயர் இடம் மாறிவிட்டது. ட்ரோயின் ஹெக்டர் கிரேக்கர் பக்கத்தில். கிரேக்கரின் பட்ரோக்ளஸ் ட்ரோய்ப் பக்கத்தில். திரௌபதை அம்மன் கோயில் ஊராருக்கு நான் பாரதம் சொல்லத் தேவையில்லை. துரியோதனன் பாண்டவர் வரிசையில் நிற்கிறான் என்று வையுங்கள்! 2021 ஒக்டோபரில் நாசா அனுப்பிய லூசி விண்கலம் 2033இல் அந்தப் பட்ரோக்ளஸைப் பார்க்கப் போகிறது.

கேள்வி: பூமிக்கும் ட்ரோஜன் உண்டா? கல்லடிக் கடற்கரையில் நின்றால் தெரியுமா?
– உயர்தர மாணவன், நாவற்குடா

பதில்: இதுவரை உறுதியானவை இரண்டு. 2010 டீ.கே.7 ஏறத்தாழ 300 மீற்றர், 2020 எக்ஸ்.எல்.5 ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேல். இரண்டும் நமக்கு முன்னே போகும் கூட்டம். வானத்தில் அவற்றின் மைய இடம் சூரியனுக்கு 60 பாகை மேற்கே, அதாவது சூரியனுக்கு நான்கு மணித்தியாலம் முந்தி எழும். ஆகவே விடியப்புறம் இரண்டு மணிபோல் கல்லடிக் கடலுக்கு மேலே அந்தத் திசை வரும். கல் மட்டும் தெரியாது தம்பி. வெறுங்கண்ணுக்கும் தெரியாது, என்னிடமுள்ள சின்னத் தொலைநோக்கிக்கும் தெரியாது. நள்ளிரவு உச்சிக்கு அவை வருவதில்லை என்பதால் பெரிய தொலைநோக்கிகளுக்கே சிரமம். நான் ஒருமுறை ஆசைக்குப் போய் நின்றேன். அந்தத் திசையில் கண்டது இரண்டு மீன்பிடிப் படகுகளின் லைட்.