அவிச்ச கொண்டைக்கடலையை இரவுச் சாப்பாடாக்க

திருகோணமலை உப்புவெளியில அறை எடுத்து இருக்கிறன், அவிச்ச கடலை சாப்பிட்டும் ஒன்பது மணிக்குப் பசிக்குது எண்டு கேட்டிருந்தீங்கள். ஒரு சிறங்கை கடலை காணாது. ஒராளுக்கு 100 கிராம் காய்ந்த கடலையை 8 மணித்தியாலம் ஊறப்போடுங்கோ. அவிஞ்சா இரண்டு மடங்குக்கு மேல வரும்.

கடலை நறுக்கெண்டு நிக்குது எண்டீங்களே, அது கல்லுத்தண்ணியாலயும் (சுண்ணாம்பு கூடின தண்ணி) வரும், பழைய கடலையாலயும் வரும். ஊறேக்க ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கோ. தேசிக்காய்ப்புளி இறக்கினபிறகுதான், முந்தி விட்டால் கடலை இளகாது. விரலிடையில நசுக்கினா மாவாகோணும்.

தேங்காயெண்ணெய் 2 தேக்கரண்டியில கடுகு, செத்தல்மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் தாளிச்சு, தேங்காய்ப்பூ தாராளமாப் போடுங்கோ. கொழுப்புச் சேர்ந்தால் பசி இன்னும் தாங்கும். பொரிச்ச நெத்தலிக் கருவாடு போட்டால் உப்பைக் கடைசியில பாத்துப் போடுங்கோ. பக்கத்தில அவிச்ச முட்டை ஒண்டு, வெள்ளரிக்காய் நாலு துண்டு.