பங்குனியில் ஒரு மார்கழி: கருகும் கிழங்கும் காயாத தொழுவமும்

கேள்வி: ஊட்டி – கோத்தகிரி சாலையை ஒட்டிய சிற்றூரில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் படிவயல். தை மாத நடுவில் நீர்போகத்துக்கு (பாசனப் பருவத்துக்கு) குப்ரி ஜோதி உருளைக்கிழங்கு நட்டோம். எழுபது நாள் பயிர். பங்குனி வெயில் காய வேண்டிய நேரத்தில் பதினோரு நாளாக மூடுபனியும் தூறலும்தான். அடியிலைகளில் தண்ணீர் ஊறியது போன்ற கரும்புள்ளிகள் தெரிகின்றன. கடையில் கார்பன்டாசிம் கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை மருந்தடிக்க வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். மருந்தே வேண்டாம், அடுப்புச் சாம்பலைத் தூவு என்கிறார் மாமியார். இதற்கு நடுவில், மூன்று வாரத்துக்கு முன் கன்று போட்ட ஜெர்சிக் கலப்புப் பசு பின்னங்காலை நொண்டுகிறது, ஒரு காம்பில் பால் திரிதிரியாக வருகிறது, கன்றுக்குக் கழிச்சல். விறகு எரியவில்லை, கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. எல்லாம் இந்தக் குளிரால்தான். எதை முதலில் பார்ப்பது?

பதில்: கன்றை முதலில் பாருங்கள். கிழங்கு ஒரு நாள் பொறுக்கும். கழிச்சல் கண்ட மூன்று வாரக் கன்று பொறுக்காது.

அதன் வாய்க்குள் உங்கள் விரலை விடுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பினால் வீட்டிலேயே சமாளிக்கலாம். வாய் சில்லென்று இருந்தாலோ, சப்பத் தெம்பில்லாமல் இருந்தாலோ, கண் குழிவிழுந்திருந்தாலோ, சாணத்தில் ரத்தம் தெரிந்தாலோ, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் அரசின் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். மலைப்பாதையில் வந்து சேர நேரமாகும் என்பதால் இருட்டும்வரை காத்திருக்காதீர்கள்.

சப்புகிற கன்றுக்கு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் வரும்படி கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். கழிகிறதே என்று பாலை நிறுத்திவிடாதீர்கள். நிறைய வீடுகளில் நடக்கும் தவறு இது. வெளியே போகிற தண்ணீரோடு பசியும் சேர்ந்துதான் கன்றை வீழ்த்துகிறது. பாலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே ஓரிரு மணி நேரம் விடுங்கள். பால் நல்ல காம்பின் பாலாக இருக்கட்டும்.

அடுத்து அதன் படுக்கை. கன்று படுக்கும் இடத்தில் நீங்கள் முழங்காலை ஊன்றி, இருபது எண்ணும்வரை இருங்கள். எழுந்தால் சேலையில் ஈரவட்டம் தெரிகிறதா? அப்படியென்றால் ராத்திரி முழுக்கக் கன்று அதில்தான் படுத்திருக்கிறது. வைக்கோலை மாற்றுங்கள். நீங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டிச் செலவு கொடுத்து ஏற்றி வருகிற வைக்கோல் அது, எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த வாரத்துக்கு அதன் முதல் உரிமை கன்றுக்குத்தான். கால்கள் வைக்கோலுக்குள் புதைந்து மறையும் அளவுக்குப் போடுங்கள். பழைய சணல் சாக்கில் இரண்டு கயிறு கட்டி முதுகில் போர்த்திவிடலாம். சாக்கு நனைந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். நனைந்த போர்வை, போர்வை இல்லாததைவிட மோசம்.

உங்கள் கடிதத்தில் ஆறு தொல்லைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நீங்கள் குளிரைக் குற்றம் சொல்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜனவரியில் உறைபனி விழுகிற உங்கள் மலையில் குளிர் புதிதா என்ன? காய்ந்த குளிரைப் பயிரும் மாடும் தாங்கும். பதினோரு நாள் காயாத ஈரம்தான் இலையிலும் குளம்பிலும் மடியிலும் ஒரே நேரத்தில் வேலை காட்டுகிறது. இந்த வாரம் எந்த வேலையைத் தொடும்போதும், எங்கே ஈரம் தங்குகிறது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பசுவுக்கு வருவோம். நொண்டல் என்றதும் முதலில் வாயைத் திறந்து பாருங்கள். எச்சில் ஒழுகி, நாக்கிலோ ஈறிலோ கொப்புளம் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். பக்கத்து வீட்டு மாடுகளுக்கும் ஆபத்து, உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். வாய் சுத்தமாக இருந்து, குளம்புப் பிளவில் அழுகல் நாற்றம் அடித்தால் குளம்பழுகல். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பிளவுக்குள் சிக்கிய சாணியையும் கல்லையும் எடுத்துவிட்டு, இளஞ்சிவப்பாகத் தெரியும் அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீரில் அலசி, துணியால் ஒற்றி, காய்ந்த தரையில் கட்டுங்கள். குளம்புக்கு மேலே வீங்கியிருந்தால் ஊசி போட வேண்டியிருக்கும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

திரிதிரியாகப் பால் வருவது மடிநோய். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் துணி மேல் விட்டுப் பாருங்கள். வெள்ளைத் திரி பளிச்சென்று தெரியும். ஒரு காம்பு என்று நினைத்தது இரண்டாகவும் இருக்கலாம். கெட்ட காம்பைக் கடைசியில் கறந்து, அந்தப் பாலைக் கொட்டகைக்கு வெளியே குழியில் ஊற்றுங்கள். சங்கத்துக் கேனில் கலந்துவிடாதீர்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகைக் களிம்பு ஒன்று உண்டு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, தேவையான அளவை எடுத்துத் தண்ணீரில் இளக்கி, கறந்து முடித்துக் கழுவிய மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள். இரண்டு வேளை மட்டும் பூசிவிட்டுக் கேட்கவில்லை என்பவர்கள்தான் அதிகம். மடி கல்லாக இறுகினாலோ, பசு தீனி எடுக்காவிட்டாலோ, களிம்பை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, செலவே இல்லாதது. கறந்து முடித்ததும் காம்பின் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் பசு ஈரத்தில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். கறந்த கையோடு தீனியைப் போட்டு, அந்த அரை மணி நேரம் நிற்க வையுங்கள். தீனி என்றதும் நினைவுக்கு வருகிறது: பனி சொட்டும் கிக்கியூ புல்லை அறுத்து அப்படியே போட வேண்டாம். திண்ணையில் அரை நாள் விரித்து வாட்டி, வைக்கோலோடு கலந்து போட்டால் வயிறு உப்பாது.

இப்போது கிழங்கு. புள்ளியுள்ள இலை நான்கைப் பறித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, பாலித்தீன் பையில் கட்டி ராத்திரி வீட்டுக்குள் வையுங்கள். காலையில் இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளியின் ஓரத்தில், மாவு தொட்டு வட்டம் போட்டதுபோல வெள்ளைப் பூசணம் இருந்தால் அது பின்பருவ இலைக்கருகல். வெள்ளை இல்லாமல், காய்ந்த பழுப்புப் புள்ளிக்குள் வட்டத்துக்குள் வட்டம் தெரிந்தால் முன்பருவக் கருகல். அதற்கு இவ்வளவு பதற வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலாவதுதான் என்று தோன்றுகிறது. 1845இல் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளிய அதே நோய்.

கார்பன்டாசிம் ஏன் கேட்கவில்லை? பார்ப்பதற்குப் பூஞ்சை போல இருந்தாலும், இந்த நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா உண்மையான பூஞ்சை இல்லை. பாசிகளுக்கு உறவுக்கார உயிரி. பூஞ்சைக்கென்று செய்த கார்பன்டாசிம் அதைத் தொடவே தொடாது. இரண்டு முறை அடித்த காசு வீண். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அடுத்த முறை இலையைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்கோ முத்தோரை மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கோ போங்கள். இந்த உயிரியின் விதை போன்ற நுண்வித்துகளுக்கு வால் உண்டு. இலை மேல் படர்ந்திருக்கும் ஈரத்தில் அவை நீந்திப் போய்த் துளைக்கும். 10 முதல் 20 டிகிரி வெப்பமும் நாள் கணக்கில் காயாத இலையும் அதற்குத் திருவிழா.

ஜோதி ரகம் கருகலைத் தாங்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1968இல் வெளியானபோது அது உண்மை. நோய் தன்னை மாற்றிக்கொண்டு விட்டது, ரகம் அப்படியே இருக்கிறது.

மருந்து விஷயத்தில் வீட்டுக்காரர் பாதி சரி. அடிக்க வேண்டும்; மூன்று நாளுக்கு ஒருமுறை அல்ல. நோய் தெரிந்துவிட்டதால் வெறும் மேன்கோசெப் போதாது. சைமாக்சனில் என்ற மருந்தும் மேன்கோசெப்பும் சேர்ந்த கலவை லிட்டருக்கு 3 கிராம். எட்டுப் பத்து நாள் கழித்தும் இதே வானம் என்றால், டைமெத்தோமார்ப் 1 கிராமும் மேன்கோசெப் 2 கிராமும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் நோய் அதற்கும் பழகிவிடும். ஒட்டும் திரவம் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி, கீழிருந்து மேலாக அடிக்கச் சொல்லுங்கள். தூறல் நின்று, குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் காய வாய்ப்புள்ள வேளையாகப் பார்க்க வேண்டும். தூறலில் அடிப்பது மண்ணுக்குத்தான் மருந்து. முகமூடி, கையுறை இல்லாமல் டேங்கைத் தூக்க விடாதீர்கள். அறுவடைக்கு முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பது பாக்கெட்டிலேயே இருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையைச் சிலர் சொல்வார்கள். அது வருமுன் காக்கும், வந்ததை விரட்டாது. இலை காயாத குளிர்நாளில் இலையையே சுட்டுவிடவும் கூடும். இப்போது வேண்டாம்.

மருந்தைவிட அவசரமானவை சில. தெளிப்புநீர்க் குழாயை இன்றே மூடுங்கள். நீர்போகம் என்பதற்காக இந்த ஈரத்தில் யாரும் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. யூரியாவும் வேண்டாம். ஒவ்வொரு படியிலும் உள்ஓரத்து வடிகாலைத் தூர்வாருங்கள். அவசரத்தில் வெளிவரப்பை வெட்டித் தண்ணீரை இறக்கினால் மண் சரிந்து கீழ்ப்படிக்கு வந்துவிடும். நோய் இல்லாத படியில் முதலில் வேலை முடித்து, நோயுள்ள படிக்குக் கடைசியில் போங்கள். நனைந்த முந்தானையும் கால்சட்டையும் நோயைச் செடிக்குச் செடி எடுத்துப் போகும். மண் அணைப்பது முக்கியம், ஏனென்றால் இலையிலிருந்து கழுவி இறங்கும் நோய், மேலே தெரிகிற கிழங்கைத்தான் முதலில் பிடிக்கும். ஆனால் ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்புயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் மண்வெட்டியை எடுக்கலாம். அப்பளமாகப் படிந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

வயலில் ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக எண்ணுங்கள். நூற்றில் நாலைந்துதான் என்றால் அவற்றைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடலாம். எதிர்பாராமல் முக்கால்வாசி இலை கருகிவிட்டால், மருந்துச் செலவை நிறுத்திக்கொள்வதே மேல். செடியைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்தி, தோல் முற்றப் பதினைந்து நாள் விட்டுத் தோண்டுங்கள். எழுபது நாள் கிழங்கு எலுமிச்சை அளவில்தான் இருக்கும். மண்டியில் பொடிக் கிழங்கு விலைதான் கிடைக்கும். மனது கேட்காது என்று தெரியும். இருந்தாலும், அழுகிய கிழங்கோடு மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் வரை ஏற்றுக்கூலி கொடுப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. எப்படி ஆனாலும், இந்த வயலிலிருந்து விதைக்கிழங்கு எடுக்காதீர்கள்.

விறகை அடுப்புக்கு மேலே பரண் போட்டு, நாளைக்கானதை இன்றே அடுக்கினால் புகை பாதியாகும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரிக் கும்பட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரிப்புகையின் விஷத்துக்கு வாசனை கிடையாது. மலை ஊர்களில் தூங்கியவர்கள் எழாமல் போன வீடுகள் உண்டு.

மாமியாரின் சாம்பல் கருகலுக்கு உதவாது; இலை மேல் தூவினால் அடுத்த தூறலில் போய்விடும். பசு படுக்கும் இடத்தில் கொட்டவும் வேண்டாம், மடித்தோல் எரியும். தொழுவத்து வாசலில் கால் சறுக்கும் சேற்றில் போடலாம். மீதி கோழிக்கு. மண் குளிக்க ஒரு சாண் காய்ந்த இடம் கிடைக்காததால் கோழிகளுக்குப் பேன் ஏறியிருக்கும். இறக்கையைத் தூக்கிப் பார்த்தால் தோலில் ஊர்வது தெரியும். பழைய தக்காளிப் பெட்டியில் ஆறிய சாம்பலும் காய்ந்த மணலும் சரிபாதி நிரப்பி, கூரைக்கடியில் வையுங்கள். உள்ளே இறங்கிப் புரளும். முட்டைக்கு வெயில் வந்த பிறகும் ஒரு வாரமாவது ஆகும். பெட்டியில் சாம்பல் நனையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள்.