ஆல்பம் பாக்கி நிற்கும்போது புதுக் கேமரா எதற்கு?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு 25 கல்யாணம் எடுக்கிறேன். கேமரா நிக்கான் டி750, லென்ஸ் இரண்டும் பழைய 'டி' வகை. ஷட்டர் மக்கர் செய்கிறது, மாற்ற 14,000 ஆகுமாம். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) இருந்தால்தான் இனி ஆர்டர் வரும் என்கிறார் மச்சான். லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் 2,20,000. 24 மாத நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணையாம். எல்லாச் செலவும் போக மாதம் 25,000 நிற்கும். மனைவியின் நகையை வைத்து 1,50,000 வாங்கியிருக்கிறேன், நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி. வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்து வருகிறேன். 11 பேரிடம் ஆல்பம் பாக்கி 1,54,000 நிற்கிறது. ஏழு பேர் சொந்தம், கேட்கக் கூச்சம். கேமராவை மாற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது கேமரா இல்லை, கடைசியில் எழுதிய பாக்கிதான். நகைக்கடன் 1,50,000, பாக்கி 1,54,000. இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை என்பதைக் கவனித்தீர்களா? ஆல்பம் அச்சடிக்கும் லேபுக்கும் உதவியாளருக்கும் உங்கள் கையிலிருந்து கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பள்ளத்தை நகை அடைத்துக்கொண்டிருக்கிறது. மாதம் 1,875, வருஷத்துக்கு 22,500 வட்டி. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்துக்கு உங்கள் மனைவியின் நகை ஏன் வட்டி கட்ட வேண்டும்?

ஒரு ஆல்பத்துக்குச் சராசரி பாக்கி 14,000. ஷட்டர் மாற்றவும் அதே 14,000தான். ஒரே ஒரு வீட்டுப் பாக்கி வந்தால் போதும், கேமரா ஓடும்.

டி750 2014-ல் வந்தது. 24 மெகாபிக்சல், ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்), இரண்டு கார்டு போடலாம். கல்யாண ஆல்பத்துக்கு இது தாராளம். இதன் ஷட்டர் 1,50,000 படம் வரை தாங்கும்படி சோதிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு 2,500 படம் என்று வைத்தால் உங்களுக்கு வருஷம் 62,500 ஆகிறது; ஷட்டர் தேய்வது இயல்புதான். ஆனால் திருவந்திபுரம் கோயில் மலையில் முகூர்த்த நாள் கூட்டத்துக்கு நடுவே, தாலி கட்டும் நேரத்தில் அது நின்றுவிட்டால் மறுபடி எடுக்க முடியாது. ஆவணிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

நோ காஸ்ட் என்ற பேச்சை தயவுசெய்து நம்பாதீர்கள். இத்தகைய திட்டங்களில் வட்டியை பிராசசிங் கட்டணத்துக்குள் மறைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. கிரெடிட் கார்டு தவணை என்றால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. ரொக்கத்துக்கு என்ன விலை என்று கடையில் கேளுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

அப்புறம் லென்ஸ். 'டி' வகை லென்ஸை நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் (பழைய லென்ஸைப் புதுக் கேமராவோடு இணைக்கும் வளையம்) வழியாக மிரர்லெஸ்ஸில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. ஃபோகஸுக்கு லென்ஸைச் சுழற்றும் மோட்டார் இந்த லென்ஸிலும் இல்லை, அடாப்டரிலும் கிடையாது. ஆக லென்ஸும் வாங்க வேண்டும். மொத்தம் மூன்று லட்சம் என்றே வையுங்கள். தவணை 12,500, நகை வட்டி 1,875. கையில் மிஞ்சுவது பத்தாயிரத்துச் சொச்சம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாதபோதும் தவணைத் தேதி வந்துவிடும். மச்சான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா?

அவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. டி750-ல் 4கே வீடியோ கிடையாது. அதைக் கேட்கிற வீட்டுக்கு மட்டும் மிரர்லெஸ் வாடகைக்கு எடுங்கள். வாடகையை ரேட்டிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வருஷத்தில் அப்படி எட்டு, பத்து ஆர்டர் வந்து, நகையும் வீட்டுக்கு வந்திருந்தால், அப்போது வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

இனி புக்கிங்கின்போது பாதி, செலக்‌ஷன் முடிந்து லேபுக்கு அனுப்பும் முன் மீதி முழுவதும். பணம் வராமல் பிரிண்ட் போகக் கூடாது. நெருங்கிய சொந்தம் என்றால் உங்கள் உழைப்பை மொய்யாக வைத்துக்கொள்ளட்டும். லேப் காசையும் பையன்கள் சம்பளத்தையும் கொடுத்துவிடட்டும்.

பழைய பாக்கிக்கு இந்த வாரமே 11 பேருக்கும் போன் பண்ணுங்கள். "ஆல்பம் ரெடி, பாக்கியை ஜிபேயில் போட்டுவிடுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்" என்றால் போதும், சண்டை வராது. எல்லாரும் தரமாட்டார்கள். பாதி வந்தாலே 77,000. முதல் 14,000 ஷட்டருக்கு, மீதி 63,000 நகைக்கடன் அசலுக்கு. மாத வட்டி 1,100-க்குள் இறங்கிவிடும். அசலில் வரவு வைத்த ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.