வசதியைக் குறைத்து, பவரும் குறைவாக வரும் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் போர்ஷே 911 கேரெரா டி-யை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார். அடிப்படை கேரெராவில் உள்ள அதே இன்ஜின்தான், மேல் வகைகளை விடப் பவர் குறைவு. சத்தத் தடுப்பை உருவிவிட்டார்கள், கதவுக்குள் கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு பட்டை தொங்குகிறது, ஆனால் விலை மட்டும் அடிப்படை மாடலை விட அதிகம். இதில் நியாயம் இருக்கிறதா என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் குறைவு என்பதற்காகத் தயங்க வேண்டாம். கழற்றிப் போட்ட சாமானுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். அந்த விலைக்குள் ஒளிந்திருக்கும், பின் சக்கரங்களுக்குப் பவரைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் கியரும் சஸ்பென்ஷனும் உங்களுக்கு உபயோகப்படுமா என்று பாருங்கள். உபயோகப்படும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

நான் யார் இதைச் சொல்ல? வேலூரில் கார் சீட் கவர், தரை விரிப்பு, சத்தத்தை அடக்கும் டேம்பிங் ஷீட் வேலை செய்யும் கடை வைத்திருக்கிறேன். என் பிழைப்பே காரில் எடை ஏற்றுவதுதான். கதவைத் திறந்து உள்தகட்டில் பியூட்டைல் ஷீட் ஒட்டி, தரைக்கு ஒரு அடுக்கு, டிக்கிக்கு ஒரு அடுக்கு போட்டு முடித்தால் 15, 20 கிலோ ஏறிவிடும். வண்டி ‘கும்’மென்று அமைதியாகிவிட்டது என்று வாடிக்கையாளர் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். 2017-இல் வந்த முதல் கேரெரா டி, அதே அளவு வசதியுள்ள சாதாரண கேரெராவை விட எவ்வளவு எடை குறைவு தெரியுமா? 20 கிலோ. நான் ஒரு நாளில் ஒட்டுகிற ஷீட்டின் எடை. பின்பக்கக் கண்ணாடிகளை மெல்லியதாக்கி, இன்சுலேஷனைக் குறைத்து, பட்டையைக் கட்டி அவர்கள் மிச்சம் பிடித்தது அவ்வளவுதான். 27 லிட்டர் பெட்ரோல் குறைவாக நிரப்பினால் எந்த கேரெராவிலும் அதே 20 கிலோ குறைந்துவிடும். 2022-இல் வந்த அடுத்த டி-யில் இது 35 கிலோவாக ஆனது. அதுவும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பியதற்குச் சமம்.

பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டையில் நல்ல ஃபினிஷ் தோல் வாங்கி, இரட்டைத் தையல் போட்டு, சாயங்காலத்துக்குள் தைத்துக் கொடுத்துவிடுவேன். எந்த கலர் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

உண்மையிலேயே எடை குறைத்த கார்கள் ஒரு காலத்தில் இருந்தன. 1973 மாடல் கேரெரா ஆர்எஸ் 2.7-ஐ இரண்டு விதமாக விற்றார்கள். இலகு வகை 960 கிலோ, வசதி வைத்த டூரிங் வகை 1075 கிலோ. இடையில் 115 கிலோ! அதிலும் கதவில் பட்டைதான், பின் சீட்டும் கிடையாது. ஆனால் அன்று வசதி வைத்த வகைதான் விலை கூடுதல், சாமான் குறைந்த வண்டிக்குக் காசு குறைவு. நம் ஊர் ஆட்களுக்கு உடனே புரிகிற கணக்கு. 1960களின் கடைசியில் வந்த பழைய 911 டி-யும் அப்படித்தான். வெறும் 110 குதிரைத்திறன், 911 வரிசையிலேயே மலிவான வண்டி. அதே எழுத்தை எடுத்து இன்று அடிப்படை மாடலுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். 2018-இல் அமெரிக்காவில் கேரெரா 91,100 டாலர், டி 102,100 டாலர். 420 குதிரைத்திறன் உள்ள கேரெரா எஸ் அதை விடச் சில ஆயிரம்தான் கூடுதல். இதைப் பார்த்து ஒருவருக்குக் கோபம் வந்தால் நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

சரி, அந்த 11,000 டாலருக்கு வேறு என்னதான் தருகிறார்கள்? விளம்பரத்தில் பட்டையைக் காட்டுகிறார்கள், ஆனால் விஷயம் வண்டிக்கு அடியில் இருக்கிறது. மேனுவல் கியர்பாக்ஸ் எடுத்தால் மெக்கானிக்கல் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் கூடவே வருகிறது. பின் ஆக்சில் விகிதமும் குட்டையாக இருக்கும், அதாவது ஒவ்வொரு கியரும் சீக்கிரம் எழும்பும். சஸ்பென்ஷன் 10 மில்லிமீட்டர் தாழ்வு. பின் சக்கரமும் சேர்ந்து திரும்பும் வசதி சாதாரண கேரெராவில் கேட்டாலும் கிடையாது, முதல் இரண்டு டி-யிலும் தனியாகக் காசு கட்டினால் கிடைத்தது. இவை எதையும் பிறகு என் கடையிலோ வேறு எந்தப் பட்டறையிலோ ஒழுங்காகப் போட்டுக்கொள்ள முடியாது. போட்டாலும் கம்பெனி கேரண்டி போய்விடும். ஆகவே கூடுதல் காசுக்கு நியாயம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான்.

அடுத்தது பவர். முதல் டி-யின் 370 குதிரைத்திறன் ‘குறைவு’ என்று ஒருவர் சொல்வதைக் கேட்டால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். (பனப்பாக்கத்தில் 2024-இல் டாடா கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து கடைக்கு வருகிற எல்லாருமே கார் நிபுணர்கள்தான், அது வேறு கதை.) வேலூர் வழியாகப் போகிற சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்கரச் சாலையில் காருக்கு மத்திய அரசு வைத்த உச்ச வரம்பே மணிக்கு 100 கிலோமீட்டர். கேரெரா டி அந்த வேகத்தை நான்கரை வினாடியில் தொட்டுவிடும். அதன் பிறகு வாணியம்பாடி வரை காலை வெறுமனே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதே காலத்து 911-இல் 450 குதிரைத்திறன் உள்ள ஜிடிஎஸ் வகையை எடுத்தால் காலைக் கொஞ்சம் முன்னாடியே தூக்க வேண்டும், வித்தியாசம் அவ்வளவே.

மலைப்பாதை வேறு கதை. தோல் வியாபாரம் செய்யும் மேல்விஷாரம் பாய் ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். போர்ஷேயின் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான 718 கேமன் வைத்திருக்கிறார், இரண்டு லிட்டர் டர்போ, 300 குதிரைத்திறன். அதன் டி வகையிலும் அதே இன்ஜின்தான். சீட் வேலை முடிந்ததும் ஒரு விடியற்காலை என்னையும் ஏற்றிக்கொண்டு ஏலகிரி போனார். பொன்னேரி தாண்டி ஏறத் தொடங்கினால் மேலே போவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர்ப்பலகை.

“தம்பி, ரெண்டாவது கியரைத் தாண்டவே இல்ல பாத்தியா?” என்றார் பாதி வழியில்.

“தாண்ட இடம் எங்க பாய் இருக்கு? அடுத்த வளைவு வந்துடுதே.”

அங்கே வண்டியின் சந்தோஷம் எல்லாம் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் இருந்தது. வளைவுக்குள் மூக்கு எப்படித் திரும்புகிறது, வெளியே வரும்போது பின் சக்கரம் எப்படிப் பிடித்துத் தள்ளுகிறது என்பதுதான் தெரிந்தது. 300-க்குப் பதில் 200 இருந்திருந்தாலும் அதே சிரிப்பு அவர் முகத்தில் இருந்திருக்கும். வளைவின் உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைவாகவும் வெளிச் சக்கரத்துக்கு அதிகமாகவும் எடை விழும்போது, சாதாரண டிஃபரென்ஷியல் இருந்தால் உள்சக்கரம் சும்மா சுற்றிப் பவரை வீணாக்கும். லிமிடெட் ஸ்லிப் அதைத் தடுத்து வெளிச் சக்கரத்துக்கு அனுப்பும். கொண்டை ஊசி வளைவில் இதை இடுப்பிலேயே உணரலாம், நெடுஞ்சாலையில் வருஷக்கணக்காக ஓட்டினாலும் இருப்பது தெரியாது.

பவர் குறைத்த கார் என்றால் எனக்கு மரியாதை வருவது கேட்டர்ஹாம் செவன் 170 மேல்தான். 2021-இல் இங்கிலாந்தில் வந்தது. சுசுகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் டர்போ, 84 குதிரைத்திறன். நம் ஊரில் டாக்சியாக ஓடும் ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கும் கிட்டத்தட்ட அதே சக்தி. ஆனால் எடை 440 கிலோ, ஸ்விஃப்டில் ஏறக்குறைய பாதி. இதைத்தான் நான் எடை குறைப்பு என்பேன். மே மாதம் வேலூர் வெயிலில் அதை ஓட்டிக்கொண்டு கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கிறவருக்கு என் அனுதாபம், அது தனி. 1990களின் கடைசியில் நம் நாட்டிலேயே சான் ஸ்டார்ம் என்று ஒரு இரண்டு சீட் வண்டி வந்தது, 1149 சிசி ரெனோ இன்ஜின், 60 குதிரைத்திறன். யாரும் சீண்டவில்லை. வேகமும் போதாது, வசதியும் இல்லை, காசு மட்டும் எதற்கு என்று அன்றைக்கே நம் ஜனங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர் இந்தியாவில் வாங்கப் போகிறார் என்றால் இன்னொரு கணக்கு உண்டு, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் விலை உயர்ந்த காருக்குச் சுங்கம் மொத்தமாக 110 சதவீதம். 2025 பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்கத்தை 70 ஆக்கினார்கள், கூடவே 40 சதவீத செஸ் போட்டார்கள், கூட்டினால் பழைய 110 தான். அதன் மேல் 40 சதவீத ஜிஎஸ்டி. அதற்கும் மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 20 சதவீத சாலை வரி. ஜெர்மனியில் இரண்டு மாடலுக்கும் நடுவில் 10 லட்சம் வித்தியாசம் என்று வையுங்கள். சுங்கம் சேர்ந்து 21, ஜிஎஸ்டி சேர்ந்து 29.4, சாலை வரியோடு 35 லட்சத்தைத் தாண்டும். ஜெர்மன்காரர் பத்து லட்சம் கொடுத்து வாங்கும் டிஃபரென்ஷியலை நீங்கள் முப்பத்தைந்து லட்சம் கொடுத்து வாங்குகிறீர்கள். அவர் ஊரில் நியாயமாக இருந்த விலை இங்கே வந்து இறங்கும்போது நியாயமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பழைய கேரெராவோ கேமனோ நல்ல நிலையில், சர்வீஸ் ரெக்கார்டோடு கிடைத்தால், இந்த வரிகளில் பெரும்பகுதியை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே விழுங்கியிருப்பார். என்னைக் கேட்டால் அதுதான் வழி. இன்னும் சிக்கனமாக என்றால் 2025-இல் 53 லட்சத்துக்கு இங்கே வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 265 குதிரைத்திறன், நான்கு பேர் போகலாம். ஏலகிரிக்கு அது தாராளம்.

இத்தனைக்குப் பிறகும் டி-தான் வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் மேனுவலாக எடுங்கள். 2024-இல் வந்த புதிய டி ஆறு கியர் மேனுவலில் மட்டுமே வருகிறது, அது சரியான முடிவு. ஆட்டோமேட்டிக்கில் ஓட்டுவதானால் டி-யின் பாதி அர்த்தம் போய்விடும், சாதாரண கேரெராவே போதும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் நமக்கு ஒரே நெடுஞ்சாலையில் இருக்கிறது, அங்கே சொந்தக் காரை ஓட்ட விடும் டிராக் டே வைக்கும்போது கொண்டுபோய் ஓட்டுகிற எண்ணம் இருந்தால் இன்னும் நல்லது.

ஆர்டர் கொடுக்கும்போது முன்பக்கத்தைத் தூக்கிக்கொள்ளும் வசதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வண்டி ஏற்கெனவே 10 மில்லிமீட்டர் தாழ்வு, காட்பாடிப் பக்கத்து வேகத்தடைகளுக்குக் கணக்கும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. அப்புறம், சத்தம் தாங்கவில்லை, ஷீட் ஒட்டித் தாங்க என்று ஆறு மாதம் கழித்து டி-யை என் கடைக்குக் கொண்டுவந்தால் ஒட்டித் தருவேன், ஆனால் கொஞ்சம் சிரிப்பேன்.