ரூகர் 10/22: கேட்டவர்களுக்குப் பதில்

1964-இல் சந்தைக்கு வந்து இன்றுவரை அமெரிக்காவில் விற்றுக்கொண்டே இருக்கும் அரைத் தானியங்கி ரைபிள் ரூகர் 10/22. டெக்சாஸில் பல வருடமாக வார இறுதிகளில் இதை வைத்துத்தான் சுடுகிறேன். அடிக்கடி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அரைத் தானியங்கி என்றால் விசையைப் பிடித்தபடி இருந்தால் படபடவென்று சுடுமா, அண்ணா?

சுடாது. ஒரு அழுத்தத்துக்கு ஒரு தோட்டா, அவ்வளவுதான். வெடித்த வேகத்தில் வெற்றுக்கூடு பின்னால் வரும்; போல்ட்டையும் (குழலின் பின்வாயை மூடி முன்னும் பின்னும் ஓடும் இரும்புக் கட்டி) தள்ளிக்கொண்டு வந்து வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் போல்ட்டைத் திருப்பி அனுப்பும்போது தோட்டாக்களை வைக்கும் பெட்டியான மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே போய்விடும். விசையை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அது வெடிக்கும். போல்ட்டுக்குப் பூட்டு எதுவும் கிடையாது. அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் தாங்குகின்றன. இது சுடும் .22 (0.22 அங்குல விட்டம்) மாதிரி பொடித் தோட்டாவுக்கு அது போதும்.

கேள்வி: இதைவிட மலிவாக எத்தனையோ இருக்க, ஏன் எல்லோரும் இதையே சொல்கிறீர்கள்?

மேகசினுக்காக. .22 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். நேராக அடுக்கும் மேகசினில் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். 10/22-இல் உள்ளே ஒரு சக்கரம். பத்து தோட்டாவும் தனித்தனிப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். தோட்டா வெளியேறும் வாய் மட்டும் எஃகு. மொத்தமும் ஒரு சின்ன சோப்புக்கட்டி அளவுதான். துப்பாக்கியின் கட்டைக்குக் கீழே துருத்தாது. அறுபது வருடமாக அடிப்படையில் அதே வடிவம் என்பதால் பழையது புதியது என்று பார்க்காமல் மாற்றிப் போடலாம்.

கேள்வி: புகழ்ந்தது போதும் சார், குறைகள்?

பெரிய குறை: கடைசித் தோட்டா போனதும் போல்ட் திறந்து நிற்காது. மூடிக்கொள்ளும். அடுத்த அழுத்தத்தில் வெறும் 'டிக்'. தீர்ந்துவிட்டதா, வெடிக்காத தோட்டா உள்ளே கிடக்கிறதா என்று அந்த ஒலியை வைத்துச் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் ஒருநாள் 'டிக்' கேட்டதும் காலி என்று நினைத்துத் துப்பாக்கியை மேசையில் வைத்தேன். ரேஞ்ச் (சுடும் பயிற்சி மைதானம்) அதிகாரி வந்து போல்ட்டை இழுத்தார். முழுத் தோட்டா ஒன்று உருண்டு விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

போல்ட்டை நாமாகத் திறந்து நிறுத்தலாம். ஆனால் ஒரு கையால் இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் விசைக்கூட்டின் முன்னாலிருக்கும் குட்டி நெம்புகோலை அழுத்த வேண்டும். துப்பாக்கியைப் பிடிக்க மூன்றாவது கையை எங்கே தேடுவது?

அடுத்தது, சுத்தம் செய்வது. பெரும்பாலான மாடல்களில் ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதி) பின்பக்கம் அடைத்திருப்பதால் துடைக்கும் கம்பியைக் குழலின் வாய் வழியாகத்தான் விடவேண்டும். அவசரப்பட்டால் வாயின் விளிம்பு தேயும். குறி அங்கேதான் கெடும். விசையும் கடையில் வாங்கும்போது கனமாக இருக்கும். இதற்கெல்லாம் மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் மாற்றத் தொடங்கினால் பாகங்களுக்கான செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும்.

கேள்வி: அடிக்கடி சிக்குகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

முதலில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். சத்தம் குறைந்த, வேகம் குறைந்த தோட்டாக்களுக்குப் போல்ட்டை முழுசாகத் தள்ளும் பலம் இல்லாமல் போகலாம். .22 அழுக்கும் அதிகம்: ஈயம், மெழுகு, கரி எல்லாம் சேர்ந்து போல்ட் முகத்தில் பிசினாகப் படியும். அதைத் துடைத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். ஒன்று மட்டும்: 'டிக்' வந்தால் உடனே திறக்காதீர்கள். குழல் இலக்கையே பார்க்க, அரை நிமிடம் பொறுங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

கேள்வி: நூறு கஜத்தில் குறி நிற்குமா?

தகர டப்பாவுக்கு நிற்கும், நாணயம் அளவு இலக்குக்கு நிற்காது. ஐம்பது கஜம்தான் இதன் களம். ஆனால் அந்தத் தோட்டா ஒரு மைலுக்கு மேலும் பறக்கும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள், தம்பி. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும் இதே கதைதான். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் தனி. விசா விஷயம் என்பதால் என் பேச்சை நம்பாமல் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: பத்து வயது மகளுக்குக் கற்றுத்தர இது சரியா?

உதைப்பு இல்லை, எடை இரண்டேகால் கிலோ சொச்சம்தான், தூக்கிவிடுவாள். இருந்தாலும் முதல் துப்பாக்கியாக ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு, போல்ட்டைக் கையால் இயக்கிச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளையே சொல்வேன். சுட்ட பிறகு 10/22-இல் அடுத்த தோட்டா தானாகவே தயாராகிவிடும். குழந்தையோ இலக்கில் பட்ட சந்தோஷத்தில் துப்பாக்கியோடு உங்கள் பக்கம் திரும்புவாள். இன்னொன்று, சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். விரலெல்லாம் ஈயம். அதற்கப்புறம்தான் டிபன் டப்பா.